தெப்பத்துக்கு அடியில்

கிள்ளானில் தண்ணீருக்கு அடியில் மூச்சு விடத் தெரிந்த தமிழன் ஒருவன்தான் உண்டு என்பது பொதுவான கருத்து. அந்தக் கருத்தைப் பொதுவாக்கியவன் திருச்செல்வமே. ஷா ஆலமில் ஒரு ஏர்கோண்ட் கம்பெனியின் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறவன் அவன். வருடத்துக்கு ஒருமுறை பெர்ஹெந்தியான் தீவுக்கோ தியோமானுக்கோ போய், முதுகில் காற்றுத் தொட்டியைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கிவிட்டு வருவான். மிச்ச நாளெல்லாம் அதைப் பற்றிப் பேசுவான். பெர்ஹெந்தியானில் அவன் பார்த்த ஆமை முதலில் சோற்றுத் தட்டு அளவுதான் இருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் நடந்த ஒரு கல்யாணத்தில் அது சாப்பாட்டு மேசை அளவுக்கு வளர்ந்தது. சுங்கை வேயில் ஒரு காதுகுத்தில் கஞ்சில் கார் அளவை எட்டிவிட்டது. சிக்னல் போடாத குறையாகத் திரும்பிப் போனது என்றான். ஆமைக்கு ஆயுள் கெட்டி என்பதால் அதன் வளர்ச்சியை யாரும் தடுக்கவில்லை.

கடல் தண்ணீரைப் பற்றி அவன் சொன்னதை மட்டும் நம்பலாம். அது கண்ணாடி. அடியில் மல்லாந்து கிடந்தால் மேலே போகிற படகின் வயிற்றில் ஒட்டியிருக்கிற சிப்பியை எண்ணலாம். அங்கே ஒரே ஒரு சட்டம், எதையும் தொடக்கூடாது. பவளத்தில் விரல் பட்டால் அது செத்துப்போகும். இரண்டு கையையும் நெஞ்சோடு கட்டிக்கொண்டு, கோவிலுக்குள் வந்த வெள்ளைக்காரன் மாதிரி மிதக்க வேண்டும். கடலுக்குள்ளே கண்ணுக்குத்தான் வேலை, கைக்கு லீவு என்பான் திருச்செல்வம். அதைக் கேட்டு அவனுடைய மாமியார் மாரியாயி ஒவ்வொரு தடவையும் சிரிப்பார்.

மாமியார் வீடு டெங்கில் பக்கம். தோட்டம் போய்விட்டது, கோவில் மட்டும் நின்றுகொண்டிருக்கிறது. கோவில் நிற்பது ஒரு கம்பெனியின் நிலத்தில். கம்பெனி கண்டும் காணாமல் இருக்கிறது, கோவிலும் அப்படியே. பக்கத்தில் ஈயக்குட்டை. அந்தக் காலத்தில் ஈயம் தோண்டிய பள்ளத்தில் மழை நிறைந்து நிறைந்து ஏரியானது. தண்ணீர், ஆற்றிய பால் டீயான தே தாரே நிறம். அதில் தோமான் மீன் உண்டு, வாத்துக் குஞ்சை வாயோடு இழுத்துக்கொண்டு போகும். இழுத்த வாத்தின் தாயிடம் அடுத்த வாரம் வந்து மன்னிப்புக் கேட்டது என்று சொல்கிறவர்களும் அங்கே இருக்கிறார்கள்.

சித்திரைத் திருவிழாவின் கடைசி நாள் அந்தக் குட்டையில்தான் அம்மனுக்குத் தெப்பம். நீலநிற பிளாஸ்டிக் பீப்பாய்களைக் கட்டி, மேலே பலகை பரப்பி, விளக்கு போட்டு, ஒரு முழ உயரத்துப் பஞ்சலோக அம்மனை ஏற்றி மூன்று சுற்று சுற்றிவருவார்கள். அம்மனைப் பலகையோடு வைத்துக் கட்டுவது லோகனுடைய வேலை. லோகன் மாரியாயியின் மூத்த பிள்ளை, திருச்செல்வத்தின் மனைவி மலர்விழிக்கு அண்ணன். செம்பனை லோரி ஓட்டுகிறவர். லோரியில் குலை ஏற்றிக் கட்டுகிற முடிச்சைத்தான் அம்மனுக்கும் போடுவார். இத்தனை வருடத்தில் ஒரு குலையும் விழுந்ததில்லை.

இந்த வருடம் இரண்டாவது சுற்றில் காற்று எழும்பியது. சாயங்கால மழை என்பது அந்த ஊரில் ஆபீஸ் விட்டு வருகிறவனைப் போல, நேரத்துக்கு வந்துவிடும். அன்றைக்குக் கொஞ்சம் ஆத்திரத்தோடு வந்தது. ஜெனரேட்டர் நின்றது. இருட்டில் தெப்பம் ஒரு பக்கம் சாய்ந்தது, பெண்கள் கூச்சலிட்டார்கள். வெளிச்சம் திரும்பியபோது மாலை மிதந்துகொண்டிருந்தது, அம்மனைக் காணவில்லை. லோகன் பலகையில் குப்புறப் படுத்து, ஒரு கையைத் தோள்வரைக்கும் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டிருந்தார். பிடித்தேன், நழுவிப் போய்விட்டாள் என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

பொம்பாவைக் கூப்பிடலாம், தீயணைப்புக்காரர்களிடம் முக்குளிக்கிற ஆள் உண்டு என்றான் ஒருத்தன். கூப்பிட்டால் ரிப்போர்ட் எழுதுவார்கள், ரிப்போர்ட்டில் கோவில் யார் நிலம் என்று கேட்பார்கள், அம்மனைத் தேடப் போய் கோவிலையும் தொலைத்துவிடுவோம் என்றார் கோவில் தலைவர் அழகிரி. அப்போதுதான் மாரியாயி சொன்னார்: "எதுக்குப் பொம்பா? எங்க மாப்பிள்ளை இருக்காரு."

அத்தனை தலையும் திரும்பியது. திருச்செல்வம் அன்னதானத்தில் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை, டைவ் கடையில் இரவல் வாங்கிய காற்றுத் தொட்டியோடு அவன் குட்டைக்கரைக்கு வந்தபோது, தோட்டத்துப் பழைய ஆட்கள் பாயோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். ரப்பர் பூட்ஸ் போட்ட காலில் அவன் மஞ்சள் நிறத் துடுப்பை மாட்டியதை ஒரு கல்யாணச் சடங்கைப் போலப் பார்த்தார்கள். தெப்பம் நேற்று நின்ற இடத்திலேயே, கல் கட்டிய கயிற்றில் நின்றது. லோகன் படகில் அழைத்துப்போய் இடத்தைக் காட்டினார். இங்கேதான், என் இடது கைப்பக்கம், நேர் கீழே.

திருச்செல்வம் கயிற்றைப் பிடித்து இறங்கினான்.

முதலில் தன் முழங்காலைக் காணவில்லை. அப்புறம் கயிற்றைப் பிடித்திருந்த கையைக் காணவில்லை. தே தாரே கோப்பி ஆனது, கோப்பி பாலில்லாத கோப்பி ஓ ஆனது, அதற்குப் பிறகு நிறமே இல்லை. டார்ச்சைப் போட்டான். வெளிச்சம் மாஸ்க்குக்கு முன்னால் பழுப்பாக ஒரு சுவரை எழுப்பிவிட்டு நின்றுகொண்டது. கடலில் பயம் வந்தால் மேலே பார்ப்பான். சூரியன் ஒரு வெள்ளித் தட்டு போல ஆடிக்கொண்டிருக்கும். இங்கே மேலே எது, கீழே எது என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. தன் மூச்சு தன் காதுக்குள்ளேயே யாரோ பின்னால் நின்று விடுவது மாதிரி கேட்டது. காலில் ஏதோ வழுக்கிக்கொண்டு போனது. தோமானாக இருக்கலாம், பிளாஸ்டிக் பையாகவும் இருக்கலாம். அவன் விசாரிக்கவில்லை.

கயிற்றோடு ஏறி வந்தவன் தெப்பத்தின் அடியில் தலை முட்டி நின்றான். இரண்டு நீலப் பீப்பாய்களுக்கு நடுவே ஒரு ஆள் புகுந்துகொள்ளும் அளவுக்கு இடம் இருந்தது. மங்கலாக வெளிச்சமும் இருந்தது. ஒரு நிமிடம் மூச்சை ஒழுங்கு பண்ணிக்கொண்டு இறங்கலாம் என்று புகுந்தான். அந்த ஒரு நிமிடம் நீண்டுகொண்டே போனது. அவன் விட்ட குமிழிகள் தெப்பத்தைச் சுற்றிப் பொரிந்ததைப் பார்த்துக் கரையில் பெண்கள் குலவையிட்டார்கள். பீப்பாய்களுக்கு நடுவே அந்தக் குலவை, யாரோ பெரிய பானைக்குள் அழுவது போலக் கேட்டது. இறங்கு, இறங்கு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கால் கேட்கவில்லை. காற்று தீர்கிற கட்டம் வரைக்கும், பூனைக்குப் பயந்து அலமாரிக்கு அடியில் போன எலி மாதிரி, கிள்ளானின் ஒரே டைவர் அங்கேயே இருந்தான்.

வெளியே வந்தபோது உண்மையைச் சொல்லிவிடத்தான் நினைத்தான். இந்தத் தண்ணி நமக்குச் சரிவராது, வேற ஆளப் பாருங்க. வாக்கியம்கூடத் தயார். ஆனால் கரையில் மாரியாயி துண்டும் சுடச்சுட மைலோவும் வைத்துக்கொண்டு, பக்கத்துப் பெண்ணிடம், உயிரைக் கொடுத்துத் தேடிவிட்டு வருகிறார் பார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். துண்டை அவர் தன் கையாலேயே போர்த்திவிட்டார்.

"அடி வரைக்கும் போனீங்களா தம்பி?" என்றார் அழகிரி.

"போனேன்."

"சேத்துல புதைஞ்சிருக்குமோ?"

"தடவாத எடமில்ல தலைவரே. ரொட்டி சானாய் மாவு பெசையிற மாதிரி பெசைஞ்சு பாத்துட்டேன்."

லோகன் படகுத் துடுப்போடு நின்றிருந்தார். "இல்லியா மாப்பிள்ளை? என் கையில இருந்துதானே விழுந்தா."

"இருந்தா கெடைச்சிருக்கும் மச்சான்," என்றான் திருச்செல்வம்.

சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் எங்கே போய் விழுந்தது என்று பார்த்தான். பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் அவனைப் பார்க்கவில்லை. லோகனைப் பார்த்தார்கள்.

ஊர் ஒன்றும் கொடுமையானது அல்ல. கணக்குப் போடத் தெரிந்த ஊர், அவ்வளவுதான். அம்மன் தண்ணீரில் இல்லை. இருட்டில் அம்மன் பக்கத்தில் இருந்தவர் ஒருவர். அவர் போன வருடம் வீட்டுக்குப் புது ஓடு போட்டார். வாட்ஸ்அப்பில் யாரோ பஞ்சலோகத்துக்கு வெளிநாட்டில் உள்ள மவுசைப் பற்றி, யாரையும் குறிப்பிடாமல், ஒரு பொது அறிவுச் செய்தி போட்டார்கள். லோகனுடைய மனைவி குமுதா கடைக்குப் போனால் பேச்சு நின்றது, அவள் வெளியே வந்ததும் தொடர்ந்தது. கடைசியில் அழகிரி வீட்டுக்கே வந்து, கோப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை சன்னிதியில் லோகன் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணிவிட்டால் யாருக்கும் சந்தேகமில்லை என்றார். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். பொய்யென்றால் வம்சம் விளங்காது. மெய்யென்றாலும், சூடம் அணைத்த குடும்பம் என்ற பெயர் சுவரில் கரி பட்டது மாதிரி. எத்தனை வெள்ளையடித்தாலும் தெரியும்.

அணைக்கிறேன் என்று லோகன் சொல்லிவிட்டார். மாரியாயி அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

இதையெல்லாம் மலர்விழி கிள்ளானில் தன் வீட்டு அடுப்படியில் நின்று, போனில் கேட்டதைக் கேட்டபடியே அவனிடம் சொன்னாள். சட்டியில் கெம்போங் மீன் பொரிந்துகொண்டிருந்தது. மீனைத் திருப்பிப் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"ஏங்க, ஒங்க ரப்பர் பூட்ஸ கழுவுனேன்."

"ம்."

"சேறே இல்ல."

"தண்ணியிலயே அலசிட்டுப் போயிருக்கும் லா."

"பெர்ஹெந்தியான்ல கையக் கட்டிக்கிட்டு மெதந்துட்டு வந்தப்பவே ஒரு பிடி மணல் இருந்துச்சு. ஈயக்குட்டை அடிய பெசைஞ்சிட்டு வந்திருக்கீங்க. நகத்துலகூட இல்ல."

திருச்செல்வம் தன் நகத்தைப் பார்த்தான். சுத்தமாக இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அது அவனுக்கு அசிங்கமாகத் தெரிந்தது.

"எங்கண்ணன் வெள்ளிக்கிழமை சூடத்த அணைக்கப் போறாரு," என்றாள் மலர்விழி. "போனீங்களா, இல்லியா?"

"போகல."

அவள் அடுப்பை அணைத்தாள். "அப்ப அவ்ளோ நேரம் எங்க இருந்தீங்க?"

"தெப்பத்துக்கு அடியில."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையை எதிர்பார்த்து நின்றவனுக்கு அந்தச் சிரிப்பு கன்னத்தில் அறைந்தது மாதிரி இருந்தது. சீக்கிரமே நின்றும் விட்டது. "அம்மா ஒங்களுக்கு மைலோ கலக்கிக்கிட்டு நின்னாங்க," என்றாள். அதற்குமேல் அவள் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலாம்.

உடனே போன் போட்டுச் சொல்லச் சொன்னாள். அவன் நாளைக்கு ஒருநாள் கேட்டான். இறங்கிவிடுகிறேன், கிடைத்துவிட்டால் சொல்லவேண்டிய அவசியமே இல்லை என்றான். கிடைத்தாலும் சொல்ல வேண்டும் என்றாள் அவள். அவன் தலையாட்டினான். மீனைத் தட்டில் வைத்தாள், அவனும் சாப்பிட்டான். முள் எது, சதை எது என்று தெரியவில்லை.

மறுநாள் மதியம் குட்டைக்கரையில் தோமானுக்குத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு கிழவரைத் தவிர யாருமில்லை. அவனும் மலர்விழியும் சிறு படகில் தெப்பத்தடிக்குப் போனார்கள். அவன் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை மலர்விழி மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. இழுத்தா இழுப்பேன், இழுக்கலன்னா இங்கியே இருப்பேன் என்றாள்.

இந்தமுறை அவன் டார்ச்சை எடுத்துப்போகவில்லை. இருட்டு தொடங்கிய இடத்தில் கண்ணை மூடிக்கொண்டான். திறந்திருந்தால் எதையாவது பார்த்துவிடுவோமோ என்ற பயம். மூடினால் இருட்டு அவனுடையதாகிவிட்டது, கொஞ்சம் பழகியதாகவும் இருந்தது. அடி எப்போது வந்தது என்றே தெரியவில்லை. தண்ணீர் மெல்ல மெல்லக் கெட்டியாகி, தயிராகி, முழங்கைவரைக்கும் உள்ளே வாங்கிக்கொண்டது. கடலில் இத்தனை வருடமாகக் கட்டிவைத்திருந்த கைகள், முதலில் எதையும் தொடக் கூசின. இங்கே தொட்டால்தான் உண்டு. ஒரு சைக்கிள் சக்கரம் கிடைத்தது. உடைந்த மண்சட்டி கிடைத்தது. எந்தத் திருவிழாவிலோ கரைத்த முளைப்பாரியின் கூடை, கம்பி மட்டும் மிச்சமாகி, கையில் கீறியது. ஒரு குழந்தையின் செருப்பு வந்தது. அதை விட்டுவிட்டுத் தவழ்ந்தான். பயம் போகவில்லை. பயத்தோடேயே, அடுப்பில் இருக்கிற சட்டியைத் தூக்குகிறவள் சூட்டோடேயே தூக்குவது போல, ஒவ்வொரு சாணாகப் பிசைந்தான். மேலே கயிறு ஒருமுறை லேசாக இழுபட்டது. இருக்கிறேன் என்று இவனும் இழுத்தான்.

கடைசியில் விரலுக்கு ஒரு பாதம் தட்டுப்பட்டது. அரிசி அரிசியாக ஐந்து விரல்கள். அவன் அந்தப் பாதத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, தண்ணீருக்கு அடியில், வாயில் ரப்பர் குழாயோடு அழுதான். மாஸ்க்குக்குள் கண்ணீர் போக இடமில்லாமல் நின்றது.

மேலே வந்தபோது மார்பில் அம்மன் இருந்தாள். தூண்டில்காரக் கிழவர் தூண்டிலைக் கீழே போட்டுவிட்டுக் கோவிலை நோக்கி ஓடினார். முட்டிவலி என்று சொக்சோ காப்புறுதியில் பணம் வாங்குகிறவர் அவர்.

அதற்குப் பிறகு நடந்தது எதுவும் திருச்செல்வத்தின் கையில் இல்லை. அவன் துடுப்பைக் கழற்றுவதற்குள் ஊர் கூடிவிட்டது. சேற்றைக் கழுவுவதற்குள் புராணம் தயாராகிவிட்டது. அன்றைக்குத் தடவாத இடமில்லை, அப்போது கிடைக்கவில்லை. லோகன் சூடம் அணைக்க ஒத்துக்கொண்டதும் கிடைத்துவிட்டாள். ஆகவே அம்மன் மறைந்து நின்று லோகனைச் சோதித்திருக்கிறாள். அழகிரி லோகனின் முதுகில் தட்டி, பரீட்சையில் பாஸ் என்றார். சந்தேகப்பட்டது ஊரல்ல, அம்மன்தான் என்று ஆனதில் எல்லோருக்கும் நிம்மதி. கடைக்காரர் குமுதாவைக் கூப்பிட்டு நலம் விசாரித்தார். திருச்செல்வம் இரண்டு தடவை வாயைத் திறந்தான். இரண்டு தடவையும் யாரோ வாயில் கற்கண்டைப் போட்டார்கள். மலர்விழி ஈரக் கயிற்றைச் சுருட்டியபடி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கயிறு அவள் மணிக்கட்டைச் சிவக்க அறுத்திருந்தது.

வெள்ளிக்கிழமை, சத்தியத்துக்கென்று வைத்த நேரத்திலேயே விசேஷ பூஜை. உறுமி மேளம் வந்தது. அம்மன் புதுப் பட்டு கட்டியிருந்தாள். பூஜை முடிந்ததும் திருச்செல்வத்தைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தி, அழகிரி மைக்கைக் கையில் கொடுத்தார். நாலு வார்த்தை பேசச் சொன்னார். நாலு வார்த்தையில் நிறுத்தாதவன் என்று எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகள் ஆமையைக் கேட்கிற ஆசையில் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள்.

மைக் ஒருமுறை கிறீச்சிட்டு அடங்கியது.

"அன்னைக்கு நான் அடிக்கே போகல," என்றான் திருச்செல்வம். "பயந்துட்டேன். தெப்பத்துக்கு அடியில ஒளிஞ்சிக்கிட்டு இருந்துட்டு, தேடுனேன்னு பொய் சொல்லிட்டேன். அம்மன் அங்கியேதான் இருந்தா. என் மச்சான் சொன்ன எடத்துலதான் இருந்தா. அவர் மேல பழி வந்தது என்னாலதான்."

அப்புறம் பின்னாலிருந்து யாரோ கைதட்டினார்கள். கைதட்டல் மழைபோலப் பரவி முன்னால் வந்தது.

அழகிரி மைக்கை வாங்கினார். "பாத்தீங்களா? மச்சான் மேல வந்த பழிய தன் தலையில தூக்கிப் போட்டுக்கிறாரு. இதாங்க குடும்பம். இந்தக் காலத்துல எங்க பாக்க முடியும்?"

"உண்மையத்தான் சொல்றேன் தலைவரே," என்றான் திருச்செல்வம். மைக் அவனிடம் இல்லை. உறுமி எழும்பியது. முன்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கஞ்சில் கார் அளவு ஆமையைத் தலையாட்டி நம்பிய ஊர் அது. அவன் தன் வாழ்நாளில் கூட்டத்தின் முன்னால் சொன்ன ஒரே உண்மை, போட்ட இடத்தில் மிதந்துகொண்டே இருந்தது. அது உண்மையாக இருந்துவிட்டால் அந்த ஊரே லோகன் வீட்டுப் படியேறி மன்னிப்புக் கேட்டு நிற்க வேண்டியிருக்கும்.

மாரியாயி மட்டும் கைதட்டவில்லை. தன் மகளின் முகத்தைப் பார்த்தார், மணிக்கட்டைப் பார்த்தார், பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு சன்னிதிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்னதானப் பந்தலில் பொன்னாடையோடு அவனை முதல் இலையில் உட்காரவைத்தார்கள். எழுந்து போய்விடலாமா என்று பார்த்தான். இருபக்கமும் ஆள் உட்கார்ந்துவிட்டார்கள். சோறு விழுந்தது, கூட்டு விழுந்தது. சாம்பார் வாளியோடு வந்தவர் லோகன். திருச்செல்வம் இலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வாளி அவன் முன்னால் வந்து நின்றது. கரண்டி சாய்ந்தது. சாம்பார் சோற்றின் நடுவே குழியில் நிறைந்தது. வாளி நகரவில்லை.

லோகன் குனிந்தார். பக்கத்தில் இருந்தவருக்குக்கூடக் கேட்டிருக்காது.

"யாரும் நம்பல மாப்பிள்ளை," என்றார். "நான் நம்புறேன்."

திருச்செல்வம் சோற்றில் கை வைத்தான். வைத்த கை அப்படியே இருந்தது. லோகன் இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டு, அடுத்த இலைக்குப் போனார்.